சுண்ணாம்பு அடித்த ஐந்து கற்கள்

அறுபது அடி. ஜெசிந்தா ஒரு விமானத்தை நெருங்கிப் போன மிகக் குறைந்த தூரம் அது. வயது நாற்பத்தொன்பது. பாண்டிச்சேரியின் சின்ன விமான நிலையத்தில் புல் வெட்டத் தொடங்கி ஏழு வருஷம் ஆகிறது. ஒருநாள் நின்றிருந்த விமானத்துக்குப் பக்கத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் வல்லரசு காலடியால் அளந்து, "அறுபது அடி ஜெசிந்தா, இதுக்கு மேல போவாத" என்று நிறுத்தினார். பயணிகள் உட்காரும் கூடத்தை ஜெசிந்தா கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்திருக்கிறார். அதோடு சரி.

திண்டிவனத்துக்கும் பாண்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே சாத்தமேடு. அதன் கிழக்கு ஓரத்தில் சவேரியார் தெரு. நாற்பது குடும்பம், ஒரு சின்னக் கோயில், ஒரு கல்லறைத் தோட்டம். யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. ஜெசிந்தாவின் கணவர் அமிர்தசாமி, திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவர். அவர் மேற்கே பஸ் ஏறுவார், இவர் கிழக்கே. புதன்கிழமை மட்டும் ஜெசிந்தாவுக்கு விடுமுறை.

புல் வெட்டுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் அவர் சொல்லும் கணக்கு இது: புல் கணுக்காலுக்கு மேல் வளரக் கூடாது. வளர்ந்தால் பூச்சி வரும். பூச்சிக்குக் கொக்கு வரும். கொக்கு விமானத்தின் வாய்க்குள் போனால் எல்லாரும் மாட்டுவோம். விமானம் இறங்கும்போது வல்லரசு விசில் அடிப்பார். உடனே அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார வேண்டும். விசில் வராதவரை வெட்டக் குனிந்த தலை நிமிரக் கூடாது. புதிதாகச் சேர்கிறவர்கள் வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய் உட்காருவார்கள். சென்னைக்குப் போகிற விமானமாக இருக்கும், எங்கோ உயரத்தில். வல்லரசு திட்டுவார்: "விசிலா அடிச்சேன்? அப்புறம் இன்னாத்துக்கு எழுந்த?"

குழப்பம் ஆரம்பித்தது போன வருஷம். இந்த நிலையம் போதாது, ஓடுபாதை சின்னது, வேறு இடத்தில் பெரிதாகக் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. அந்த வேறு இடம் சாத்தமேட்டுப் பக்கம் என்றும் சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஊரில் எல்லாரும் ஜெசிந்தாவைத்தான் கேட்டார்கள். ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"யக்கா, எப்ப வருதாம்?"

"எனக்கு இன்னாடி தெரியும்? நான் புல்லு வெட்டிக்கினு கீறேன்."

"பாரேன், எவ்ளோ கமுக்கமா கீது. ஆபீசருங்க சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாங்களாட்டம் இருக்குது."

காலையில் வேலைக்குப் போனால் அங்கே வல்லரசு கேட்பார். "உங்க ஊர்லதான வருதாம்? இன்னா நடக்குது அங்க?"

"உங்களுக்கே தெரியலயா சார்?"

"எங்களுக்கு யாரு சொல்றாங்க? பேப்பர பாத்துதான் தெரிஞ்சிக்கிறோம்."

ஒருமுறை சும்மா இருக்க முடியாமல், கோயில் பக்கம் யாரோ அளந்து பார்க்கிறார்களாம் என்று வல்லரசிடம் சொன்னார். மூன்று நாள் கழித்துப் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரம்மா இவரிடமே சொன்னார்: "தெரியுமா, உங்க ஊரு கோயிலு கிட்டதான் ஏர்போர்ட்டு வாசலாம். ஏர்போர்ட்டு ஆபீசருங்களே சொன்னாங்களாம்." ஜெசிந்தாவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது, செய்தி கிடைத்துவிட்டதே என்று. ஊரெல்லாம் சுற்றித் தன்னிடமே திரும்பி வந்த தன் பேச்சுதான் அது என்று உறைக்க, பஸ் பாதி வழி தாண்ட வேண்டியிருந்தது.

இதெல்லாம் வெறும் பேச்சாகவே போயிருக்கும், வீடு மட்டும் இல்லையென்றால்.

ஜெசிந்தாவின் வீடு கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே, நடுவில் ஒரு வண்டிப்பாதை. மண்சுவர், மேலே சிமெண்ட் ஷீட்டு. மூன்று தடவை எழுதிப்போட்டு, இந்த ஆகஸ்டில்தான் அரசாங்க கான்கிரீட் வீட்டுக்கு ஆணை வந்தது. ஆணையில் ஒரு வரி: நவம்பர் முப்பதுக்குள் கடைக்கால் போட்டு, அந்த அஸ்திவாரத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ஆணை ரத்து. பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

செப்டம்பரில் கல் நட்டார்கள். அன்று ஜெசிந்தா பாண்டியில், அமிர்தசாமி கமிட்டியில், தெருவில் பாதிப் பேர் வேர்க்கடலை பிடுங்கப் போயிருந்தார்கள். கல் நட்டவர்கள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்கள்; ஏரிக்கு அப்பால் நட்ட கற்கள்தான் கண்ணில் பட்டன, இந்தப் பக்கம் எங்கே நட்டார்கள் என்று தெரியவில்லை. ஏர்போர்ட்டின் எல்லைக் கோடு வீட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? வீடு உள்ளே என்றால் கடைக்கால் போடுவது மண்ணில் கொட்டுகிற வேலை. வெளியே என்றால் போடாமல் விடுவது பைத்தியக்காரத்தனம். தேவா மேஸ்திரி வாரத்துக்கு ஒருமுறை வந்து கேட்டார்.

"அண்ணி, நோண்டவா வேணாமா? வேற எடத்துல வேல கீது எனக்கு."

"இரு தேவா. உள்ளயா வெளியயான்னு தெரியட்டும்."

"ஏர்போர்ட்டுல கேளுங்களேன்."

ஜெசிந்தா அவரைப் பார்த்த பார்வையில் தேவா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய வாரமே சவேரியார் தெருப் பெண்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அவரவர் குடும்பத்துக் கல்லறையை அவரவர். ஊரை விட்டுப் போனவர்களின் கல்லறைகளை ஜெசிந்தாவும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்லறைக்கென்று கரைத்த சுண்ணாம்பில் மிச்சம் இருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, தரையில் கொட்டவும் கூடாது. சிமெண்டுக் கல்லறை கட்ட வசதியில்லாத காலத்தில், தலைமாட்டில் ஒரு கல் நட்டுவிட்டுப் போன குடும்பங்கள் பல. பெயரும் மறந்து ஆளும் மறந்த அந்தக் கற்களுக்குத்தான் மிச்சச் சுண்ணாம்பு. யாரும் நினைக்காத ஆத்துமாக்களுக்கு.

இந்த வருஷம் மிச்சம் அதிகம். பெரிய பானையில் அரைப்பானை நின்றது. ஜெசிந்தா பார்த்தார்: ஏரிப் பக்கத்திலிருந்து கோயில் சுவர் வரைக்கும், புல் வெட்டிய ஓரத்தில் வரிசையாக ஐந்து கல், பெயரில்லாத தலைமாட்டுக் கற்கள் போலவே. ஏதோ எண் எழுதியிருந்தது. பங்குக் கூட்டத்தில் போன ஈஸ்டருக்கு, கல்லறைகளுக்கெல்லாம் எண் போடப் போவதாகப் பேசியது அவருக்கு நினைவிருந்தது.

"பரவாயில்லியே, வேலைய ஆரம்பிச்சிட்டாங்க" என்றார் கூட இருந்த லூசியா.

"எழுதறவங்க சுண்ணாம்பு அடிச்சப்புறம் எழுதக் கூடாதா? இப்ப அழியப் போவுது."

"திருப்பி எழுதிக்குவாங்க. அடி."

மட்டையைத் தோய்த்து அடித்தார்கள். எண்கள் பெயிண்டில் எழுதியவை அல்ல, காவியில் எழுதியவை. சுண்ணாம்பில் கரைந்து இளஞ்சிவப்பாக ஓடின. இரண்டு பூச்சில் ஐந்து கல்லும் பளிச்சென்று ஆகிவிட்டன. நவம்பர் 2 ஞாயிறு சாயங்காலம் ஒவ்வொன்றின் மேலும் சாமந்தி, ஒவ்வொன்றின் முன்னும் மெழுகுவர்த்தி. பங்குச் சாமியார் வரிசையாக மந்திரித்துக்கொண்டே வந்து, அந்த ஐந்துக்கும் தீர்த்தம் தெளித்தார்.

அடுத்த புதன்கிழமை சர்வே ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். நான்கு பேர். தலைவர் தென்னரசு, முப்பது வயது இருக்கும். கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தவர் கையிலிருந்த தாளையும் ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கூட வந்த ஆள் முதல் கல்லைக் கண்டுபிடித்தான். அதன் மேல் வாடிய சாமந்தி. காலடியில் உருகிய மெழுகு. அவன் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினான்.

"ஏன்டா கழட்டுற? அது நம்ம கல்லுடா!"

"இருக்கட்டும் சார். இப்ப யாரு கல்லுன்னு தெரியல."

அரை மணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. உபதேசியார் சவுரிராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். கோயில் காரியமெல்லாம் அவர் பொறுப்பு.

"கல்லறைக்கு எண்ணு போடச் சொல்லி எவனும் சொல்லலயே! கூட்டத்துல பேசனதோட சரி. இன்னும் பெயிண்டே வாங்கல."

"அப்ப இந்த நம்பரு?" என்றார் ஜெசிந்தா.

"எங்களுதும்மா" என்றார் தென்னரசு. "விமான நிலையத்துக்கு அளந்து நட்ட கல்லு."

லூசியா தலையில் கை வைத்தார். "ஐயோ, நான் இந்தக் கல்லுக்கு மூணு ஜெபமாலை சொன்னேனே!"

"ஏர்போர்ட்டுக்கு நித்திய இளைப்பாற்றி கெடைக்கட்டும்" என்று இறந்தவர்களுக்கான ஜெபத்தை இழுத்தார் அமிர்தசாமி. கமிட்டிக்குப் போகாமல் அன்று நின்றிருந்தார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. சர்வே ஆட்களும் சிரித்தார்கள். சவுரிராயன் மட்டும் சிரிக்கவில்லை. மந்திரித்த கல்லை இனி பிடுங்கலாமா, அப்படியே விட வேண்டுமா என்று சாமியாரிடம் கேட்கப் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

தென்னரசு சாவியால் ஒரு கல்லைச் சுரண்டினார். சுண்ணாம்புக்குக் கீழே இளஞ்சிவப்புக் கறை மட்டும் வந்தது. காவியில் எழுதிய பையன் வேலையை விட்டு நின்றுவிட்டானாம், போன் எடுப்பதில்லையாம். தாளில் நாற்பத்தொன்று முதல் நாற்பத்தைந்து வரை ஐந்து எண். நாற்பத்து நான்கில் மட்டும் ஓர் அம்பு. கோடு அங்கேதான் திரும்புகிறது. ஆனால் எண்ணிக்கையை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினான் என்று தாளில் இல்லை. ஏரிப் பக்கமிருந்து எண்ணியிருந்தால், கோடு ஜெசிந்தா வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பும், வீடு உள்ளே. கோயில் பக்கமிருந்து என்றால் வீட்டுக்கு முன்னாலேயே திரும்பிவிடும், வீடு வெளியே.

"மெஷின் வச்சி திருப்பி அளக்கலாமே?" என்றார் அமிர்தசாமி.

"மெஷினு வேற ஊருக்குப் போயிருக்குங்க. வர பத்து நாளாவும். நாளைக்கே நான் வரிசைய எழுதி அனுப்பணும்." தென்னரசு கூட்டத்தைப் பார்த்தார். "அம்பு இருந்த கல்லு எதுன்னு யாராவது பாத்தீங்களா? சுண்ணாம்பு அடிச்சது யாரு?"

எல்லாத் தலையும் ஜெசிந்தா பக்கம் திரும்பின.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, விமான நிலையம் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்கு ஜெசிந்தாவிடம் பதில் இருந்தது. அம்பு இருந்த கல் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதில்தான் காவி அதிகம். மறையவே மறையாமல் மூன்றாவது பூச்சு அடித்தார். அடித்துக்கொண்டே, எதிரே வீட்டு வாசலில் கோழி நெல்லைக் கொத்துவதைப் பார்த்து விரட்டினார். ஏரிப் பக்கமிருந்து அடித்துக்கொண்டு வந்தவர், தலையைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்துத்தான் விரட்டினார். அப்படியானால் கல் வாசலைத் தாண்டி, கோயில் பக்கம்.

ஆனால் எந்தப் பதிலைச் சொல்வது? சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"உள்ளன்னு சொல்லிடு யக்கா. வேற எடத்துல வீடு கட்டிக் குடுப்பாங்க."

"யாரு குடுப்பாங்க? பட்டா இருக்கறவனுக்கே இழுக்கடிப்பாங்க. வெளியன்னு சொல்லு, ஊட்டையாச்சும் கட்டலாம்."

"வெளிய இருந்தா ராவும் பகலும் தலைக்கு மேல கொய்யின்னு பறக்கும். அதுக்கு உள்ள போறதே மேலு."

ஜெசிந்தா அமிர்தசாமியைப் பார்த்தார். அவர் கையை விரித்தார். "இன்னாத்துக்கு என்ன பாக்குற? எது நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சா மூட்டையா தூக்கினு இருப்பேன்?"

உள்ளே நல்லதா, வெளியே நல்லதா? எது லாபம் என்று தெரிந்திருந்தால் ஜெசிந்தா ஒருவேளை பொய்கூடச் சொல்லியிருப்பார். தெரியவில்லை. எந்தப் பொய் தனக்கு உதவும் என்றே தெரியாதபோது பொய் சொல்வது எப்படி?

"அந்தக் கல்லு" என்று காட்டினார். "எங்க வாசல தாண்டி இருக்குதே, அது. கோயிலு பக்கமிருந்து ரெண்டாவது. அதுலதான் அம்பு போட்டிருந்துது."

"நிச்சயமா?"

"மூணு பூச்சு அடிச்சேங்க."

தென்னரசு ஜீப்பிலிருந்து சிவப்பு பெயிண்டை எடுத்துவந்தார். இந்தத் தடவை பெயிண்ட். ஏரிப் பக்கமிருந்து நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டே வந்து, ஜெசிந்தா காட்டிய கல்லில் நாற்பத்து நான்கும் அம்பும் போட்டார். சாமந்தியை எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுத்தார்.

"அப்ப என் வீடு உள்ளதானுங்களா?"

"கோட்டுக்கு உள்ள." தென்னரசு தாளை மடித்தார். "ஆனா உள்ளயா வெளியயான்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்லம்மா. கல்லு நடுறது மட்டும்தான் எங்க வேல. வி.ஏ.ஓ.வக் கேளுங்க."

பத்தாம் தேதி பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வி.ஏ.ஓ. அலுவலகம் போனார். கிராம நிர்வாக அலுவலர் அன்புச்செல்வி இளம்பெண், பொறுமையாகப் பேசுகிறவர். நாற்காலி போடச் சொன்னார்.

"கோடு ஒண்ணு இல்லீங்கம்மா. மூணு கோடு பாத்துக்கிட்டு இருக்காங்க. உங்க ஊர் வழியா போறது அதுல ஒண்ணு. எதுன்னு முடிவாகல. அறிவிப்பு வரல."

"அப்ப கல்லு?"

"மூணு எடத்துலயும் கல்லு நட்டிருக்காங்க."

"அப்ப நான் வீடு கட்டலாமாங்க?"

அன்புச்செல்வி பேனாவை உருட்டினார். "கட்டக் கூடாதுன்னு எங்கிட்ட ஆர்டர் எதுவும் இல்ல."

"அப்ப கட்டலாம்னு எழுதிக் குடுங்க."

"அப்படிக் குடுக்கறதுக்கும் ஆர்டர் இல்லீங்களே."

வெளியே மழை. மயிலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் ஒருத்தி ஓடிவந்து ஜெசிந்தாவின் குடைக்குள் புகுந்துகொண்டு கேட்டாள்: "யக்கா, ஏர்போர்ட்டு எப்ப வருதாம்?" ஜெசிந்தா சிரித்துவிட்டார். சிரிப்பை நிறுத்தவும் முடியவில்லை. அவள் பயந்துபோய்க் குடையை விட்டு விலகி மழையிலேயே நின்றாள்.

மறுநாள் வேலைக்குப் போனபோது வல்லரசிடம் எல்லாவற்றையும் சொன்னார். சுண்ணாம்பு, சாமந்தி, அம்பு, மூன்று கோடு. வல்லரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உன் வீட்டு மேலயே ஓடுபாதை வந்துச்சின்னு வையி, பஸ்ஸு ஏற வேணாம். வாசல்லயே புல்லு வெட்டலாம்."

"அங்கயும் எனக்கு வேல குடுப்பாங்களா சார்?"

வல்லரசின் சிரிப்பு நின்றது. "அங்க மெஷினு ஜெசிந்தா. பெரிய எடம்ல." விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "எனக்கும் தெரியாது. என்ன எங்க போடுவாங்கன்னு எனக்கே தெரியாது" என்றார்.

அன்று மதியம் வெட்டிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் சத்தம் கேட்டது. போன மாதம் சேர்ந்த பெண் அரிவாளைப் போட்டுவிட்டுக் கோட்டை நோக்கி ஓடினாள். ஜெசிந்தா நிமிரவில்லை. உயரத்தில் போகிற சத்தம் அது. காதுக்கே தெரியும். ஓடியவள் தனியாக உட்கார்ந்துகொண்டு எல்லாரும் ஏன் வெட்டுகிறார்கள் என்று விழித்தாள். "வா, வந்து வெட்டு" என்று ஜெசிந்தா கூப்பிட்டார். "அவரு விசிலு அடிக்கல."

சாயங்காலம் பஸ் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தேவா மேஸ்திரி வீட்டுக்குப் போனார். தேவா பல் குத்திக்கொண்டிருந்தார்.

"நோண்டுடா தேவா."

"வெளியன்னு தெரிஞ்சிடுச்சா?"

"இல்ல. உள்ளன்னுதான் கல்லு சொல்லுது. நான்தான காட்டனேன்."

தேவாவுக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு அண்ணி?"

"கட்டாதன்னு யாரும் சொல்லல. முப்பதாந்தேதின்னு சொல்லியிருக்காங்க. சொன்னத செய்யறேன்."

வீட்டில் அமிர்தசாமி அரை மணி நேரம் கத்தினார். மழைக்காலத்தில் கடைக்கால் தோண்டினால் குளமாகும் என்றார். இடிக்கப்போகிற வீட்டை எவனாவது கட்டுவானா என்றார். ஏமே, உனக்கு இன்னா கிறுக்கு புடிச்சிது என்றார். ஜெசிந்தா சோற்றை வடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். தான் செய்வது சரிதானா என்று அவருக்கும் தெரியவில்லை. அதை மறைக்கவுமில்லை.

"இடிச்சா இடிக்கட்டும். அப்ப வந்து கத்து" என்றார்.

அமிர்தசாமி கடைசியில் ஒன்று கேட்டார். "கோழி முட்டை இடுற மூலையில தூண வைக்காதன்னு தேவா கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. மறுநாள் காலை அமிர்தசாமியே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

சாமியாரிடமிருந்து பதில் வந்துவிட்டது: தீர்த்தம் தெளித்ததால் கல் கல்லறையாகிவிடாது, பிடுங்குவதானால் பிடுங்கிக்கொள்ளலாம். யாரும் பிடுங்கவில்லை. அம்பு போட்ட கல்லின் மேல் ஞாயிற்றுக்கிழமை யாரோ மறுபடியும் சாமந்தி வைத்திருந்தார்கள். லூசியா, தான் இல்லை என்கிறார்.

நவம்பர் 24 திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, மழை இல்லையென்றால், தேவா மேஸ்திரி இரண்டு ஆட்களோடு கடைக்கால் தோண்ட வருகிறார். ஜெசிந்தாவுக்கு அன்று லீவு இல்லை. ஆறு பத்து பஸ்ஸுக்கு அவர் பாண்டிக்குப் புல் வெட்டப் போய்விடுவார்.